பேஸ் கிதார் வாங்கிய கதை

சென்ற மாதம் நண்பர் ஒருவரின் மகன் எங்களைத் தேடி வந்தான். கல்லூரியில் முதலாண்டு மாணவன். நான்கு பேராகச் சேர்ந்து ராக் இசைக்குழு தொடங்கியிருக்கிறார்கள். அவன் பங்குக்கு பேஸ் கிதார் விழுந்திருக்கிறது. "மேடைல நெஞ்சுல இடிக்கணும் அங்கிள். எதை வாங்கலாம்?" என்று கேட்டான். அவன் செல்பேசியில் பன்னிரண்டு கிதார்களின் காணொளிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அமைதியான அறையில் தனியே அமர்ந்து வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாமே கேட்க அருமையாக இருந்தன.

எங்கள் மூவருக்கும் அந்தக் கணத்தில் ஒரே ஆளின் முகம்தான் நினைவுக்கு வந்தது. அவனை வைத்துக்கொண்டுதான் நாங்கள் நால்வராக இருந்தோம். அவன் கதையைச் சொல்லாமல் இந்தப் பையனுக்குப் பதில் சொல்வது நேர்மையாக இருக்காது என்று தோன்றியது. பையனிடம் பாதியைச் சொன்னோம். மீதியை இங்கே எழுதுகிறோம்.

*

2005ஆம் ஆண்டு சென்னையில் ஒரு மொட்டைமாடி அறையில் எங்கள் குழு தொடங்கியது. எங்களில் இருவர் கிதார், ஒருவர் டிரம்ஸ். கடைசியாக வந்து சேர்ந்தவன் என்பதால் அவனுக்கு பேஸ் வாய்த்தது. ராக் குழுக்களில் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். பேஸ் வாசிக்க வேண்டும் என்று கனவு கண்டு வருபவர்கள் குறைவு. சிறுபத்திரிகை நடத்தியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மெய்ப்புத் திருத்துகிறவரின் உழைப்பை யாரும் பாராட்டுவதில்லை. அவர் ஓர் இதழுக்கு இல்லாமல் போனால் மட்டும் எல்லோரும் கடிதம் எழுதுவார்கள்.

அவன் அப்போது ஒரு கால் சென்டரில் இரவுப் பணியில் இருந்தான். எட்டு மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, 2006ஆம் ஆண்டு இறுதியில் முப்பதாயிரம் ரூபாய் சேர்த்துவிட்டான். அதுவரை இரவல் கிதார்தான். "நீங்களும் வாங்கடா, என் காது மட்டும் பத்தாது" என்று எங்களையும் கடைக்கு அழைத்துப் போனான். எங்களை நம்பி அழைத்தான் என்பதை இங்கே அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

கடையில் அவன் முதலில் கையில் எடுத்தது மிக எளிய கருவி. நான்கு தந்திகள், ஒரே பிக்அப், இரண்டே குமிழ்கள். பிரெசிஷன் பேஸ் என்று பெயர் பெற்ற வடிவம் அது. அதற்கு ஒரு வரலாறு உண்டு. கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் 1951இல் அதை வெளியிட்டார். அதற்கு முன் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ்தான். சுமப்பது கடினம், இரைச்சலான அரங்கில் கேட்பது அதனினும் கடினம். ஃபெண்டரின் கருவி தோளில் மாட்டிக்கொள்ளும்படி இருந்தது. வீணையில் மெட்டுகள் இருப்பதுபோல் கழுத்தில் உலோக மெட்டுகள் இருந்ததால் சுருதி துல்லியமாக நின்றது. துல்லியம் என்ற பொருளிலேயே பெயரும் அமைந்தது. அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம். இன்றும் பெரும்பாலான பேஸ் கிதார்களின் அளவு அதுதான். 1957இல் அதன் பிக்அப்பை இரண்டு துண்டாகப் பிளந்து, இரண்டு தந்திகளுக்கு ஒன்றாக, சற்றே விலக்கி வைத்தார்கள். ஒரு துண்டு ஏற்கும் மின் இரைச்சலை மற்றது ரத்து செய்துவிடும். டியூப்லைட்டும் ஜெனரேட்டரும் சூழ்ந்த நம் மேடைகளில் இந்தச் சிறு ஏற்பாட்டின் அருமை தெரியும்.

இதெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. அவன் அதை வெகுநேரம் வாசித்துக்கொண்டிருந்தான். எங்கள் காதுக்கு அது கரடுமுரடாக இருந்தது. தந்தி மெட்டில் மோதும் சத்தம்கூடக் கேட்டது. "என்னடா இது, தண்டவாளத்தைத் தட்டற மாதிரி இருக்கு" என்று எங்களில் ஒருவர் சொன்னோம். மற்ற இருவரும் சிரித்தோம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது வேறொன்று. ஐந்து தந்திகள், இரண்டு பிக்அப்கள், உள்ளே ஒன்பது வோல்ட் பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப், மெருகேற்றிய மர உடல். கடைக்காரர் அடியொலியையும் உச்சவொலியையும் ஏற்றி நடுவொலியைக் குறைத்துக் காட்டியபோது, பியானோவின் இடக்கைப் பகுதியைக் கேட்பதுபோல் இருந்தது. "இதை எடுடா, இதான் கெத்து" என்றோம். அவன் மறுபடி அந்த நான்கு தந்திக் கருவியைப் பார்த்தான். பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தான்.

*

அந்தத் தேர்வு ஏன் தவறு என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இதை நாங்கள் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆயிற்று.

பேஸ் கிதாரின் மிகத் தாழ்ந்த தந்தி வழக்கமாக நொடிக்கு 41 முறை அதிர்கிறது. ஐந்தாவது தந்தி சேர்த்தால் அது 31 ஆகிறது. சாதாரண கிதாரின் தாழ்ந்த தந்தி 82. இந்த எண்களைப் பார்த்தால் ஆளுக்கொரு மாடி கொடுத்துவிட்டது போலவும், சண்டைக்கே இடமில்லை என்பது போலவும் தோன்றும். ஆனால் ஒரு தந்தி தன் அடிப்படைச் சுருதியை மட்டும் ஒலிப்பதில்லை. அதன் இரட்டிப்பு, மும்மடங்கு என்று மேற்சுரங்கள் அடுக்கடுக்காக எழுகின்றன. சிறிய டிரான்சிஸ்டர் வானொலி அந்த ஆழத்து அதிர்வை வெளியிடவே இயலாதது. இருந்தும் அதில் பேஸை நாம் கேட்டிருக்கிறோம். மேற்சுரங்களைக் கேட்ட காது, கீழே இருக்கவேண்டிய சுருதியைத் தானே ஊகித்துக்கொள்கிறது.

ஆகவே மேடையில் பேஸ் வாழும் இடம் ஆழத்தில் மட்டும் இல்லை. சுமார் 200 முதல் 800 வரையுள்ள நடுப்பகுதியிலும் இருக்கிறது. விரல் எந்தச் சுரத்தை எப்போது தொட்டது என்பதை அந்தப் பகுதிதான் சொல்கிறது. டிஸ்டார்ஷன் ஏற்றிய இரண்டு கிதார்கள் வந்து உட்காருவதும் அதே இடத்தில்தான். மேலே டிரம்ஸின் தாளத்தட்டுகள், கீழே உதை டிரம். அறையில் தனியாகக் கேட்கும்போது நடுவொலியைக் குறைத்த பேஸ் அழகாக இருப்பதற்குக் காரணம், அங்கே வேறு யாரும் இல்லை என்பதுதான். குழுவுக்குள் வந்ததும் அதன் உச்சவொலியைத் தாளத்தட்டுகள் விழுங்கிவிடும். ஆழம் அரங்கின் மூலைகளில் வெறும் உறுமலாகத் தேங்கிவிடும். மிஞ்சியிருக்க வேண்டிய நடுவொலியைக் கடையிலேயே நாம் குறைத்துவிட்டிருப்போம்.

எங்களுக்கு நடந்தது அதுதான்.

*

2007 ஜனவரியில் ஒரு கல்லூரிக் கலைவிழாவின் போட்டியில் வாசித்தோம். முதல் இரண்டு பாடல்களிலும் பேஸ் கேட்கவில்லை. நாங்கள் கிதார்களை இன்னும் ஏற்றினோம். கேட்காதபோது ஏற்றுவது எங்கள் வழக்கம். எங்களால்தான் அவன் கேட்கவில்லை என்று எங்களுக்கு உறைக்கவே இல்லை. மூன்றாவது பாடலின் நடுவில் பேஸ் கரகரத்து, இளைத்து, முற்றிலும் நின்றுபோனது. அவன் குமிழ்களைத் திருகிப் பார்த்தான், வயரைப் பிடுங்கிச் செருகினான். பிறகு ஒன்றும் கேட்காத கிதாரைக் கடைசிவரை வாசித்தான். விரல்கள் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. எங்கள் டிரம்ஸ்காரர் அந்த விரல்களைப் பார்த்துத்தான் காலத்தைப் பிடித்துக்கொண்டார்.

கீழே இறங்கியதும் நடுவர்களில் ஒருவர், "உங்க குழுவில் பேஸ் உண்டா?" என்று கேட்டார். அவர் கேலி செய்யவில்லை, மெய்யாகவே கேட்டார். எங்களுக்கு அவமானம். அந்த அவமானத்தை அவன் மேல் இறக்கினோம். "ஒரு பேட்டரிய மாத்தத் தெரியாதா? நாலாவது ஆளே இல்லாம மூணு பேர் வாசிச்ச மாதிரி இருந்துச்சு" என்றோம். அவன் ஒன்றும் பேசவில்லை. கிதாரை உறையில் போட்டு மூடிவிட்டு இரவுப் பணிக்குப் போய்விட்டான். அதன்பின் இரண்டு மாதம் மொட்டைமாடிக்கு வரவில்லை.

இப்போது அந்த மீதிக் கதை. பேட்டரியுள்ள கிதார்களில் தனியே அணைக்கும் விசை பெரும்பாலும் இருப்பதில்லை. வயரைச் செருகினால் மின்சுற்று உயிர்பெறும், பிடுங்கினால்தான் அணையும். போட்டிக்கு முன் இரண்டு இரவுகள் அந்தக் கிதார் எங்கள் அறையில்தான் இருந்தது. எங்களில் ஒருவர் அதை எடுத்து விளையாட்டாக வாசித்துவிட்டு, வயரைப் பிடுங்காமல் சுவரில் சாய்த்து வைத்திருந்தோம். மறுநாளும் அப்படியே கிடந்தது. போட்டி முடிந்த இரவிலேயே இது எங்கள் மூவருக்கும் தெரியும். யார் என்பதை இங்கே பிரித்துச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் மௌனமாக இருந்ததில் மூவருக்கும் சம பங்கு. இதை இன்றுவரை அவனிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவன் படிப்பான்.

*

எங்களை மறுபடி ஒரே வண்டியில் ஏற்றியது அயர்ன் மெய்டன். 2007 மார்ச் 17 அன்று அவர்கள் பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தார்கள். நுழைவுச்சீட்டுகள் நான்கையும் முன்பே வாங்கியிருந்தோம். அவன் வருவான் என்று நாங்கள் நினைக்கவில்லை, வந்தான். இரவுப் பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து தூங்கிக்கொண்டு வந்தான், அல்லது தூங்குவதுபோல் இருந்தான்.

அந்தக் குழுவை 1975இல் தொடங்கியவரே அதன் பேஸ் கலைஞர் ஸ்டீவ் ஹாரிஸ். அவர் கையில் இருந்தது ஒரு பிரெசிஷன் பேஸ். ஒரே பிக்அப், நான்கே தந்திகள், உள்ளே பேட்டரி கிடையாது. மீட்டுகோல் இல்லாமல் விரல்களாலேயே குதிரைப் பாய்ச்சல்போல் வாசிப்பவர் அவர். அந்தத் திறந்தவெளியில் மூன்று கிதார்களுக்கு நடுவே அவர் வாசித்த ஒவ்வொரு சுரமும் எங்கள் விலா எலும்பில் வந்து எண்ணிக்கையோடு விழுந்தது. ஆழத்தைவிட அதிகமாகக் கேட்டது என்ன தெரியுமா? தந்தி மெட்டில் மோதும் சத்தம். கடையில் நாங்கள் சிரித்தோமே, அதே தண்டவாளச் சத்தம்.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது இரண்டு மாதத்துக்குப் பின் அவன் முதன்முறையாகப் பேசினான். "தனியாக் கேட்டா இது அசிங்கமாத்தான் இருக்கும்டா" என்றான். வேறெதுவும் சொல்லவில்லை.

*

ஐந்து தந்திக் கிதாரைப் பதினேழாயிரத்துக்கு விற்றான். நஷ்டத்தில் பங்கு ஏற்கிறோம் என்றோம், மறுத்துவிட்டான். ஒரு நண்பர் மூலம் கோடம்பாக்கத்தில் ஒருவரைப் பற்றித் தெரியவந்தது. சினிமாப் பாடல் பதிவுகளில் பேஸ் வாசித்து ஓய்வுபெற்றவர். கீபோர்டே பேஸையும் வாசித்துவிடும் காலம் வந்தபின் அழைப்புகள் குறைந்துபோனதாகச் சொன்னார். அவரிடம் ஜப்பானில் செய்த, பிரெசிஷன் வடிவிலான பழைய கிதார் ஒன்று இருந்தது. வர்ணம் பல இடங்களில் உதிர்ந்திருந்தது.

அவர் அதை உடனே கையில் கொடுக்கவில்லை. "யாரோட வாசிக்கப் போறீங்க தம்பி?" என்று கேட்டார். இவர்களோடு என்று அவன் எங்களைக் காட்டினான். "அப்ப இங்க வாசிச்சுப் பாக்கறதுல பிரயோஜனம் இல்ல. எடுத்துட்டுப் போங்க. டிரம்ஸ் வெச்சு, கிதார் வெச்சு, நீங்க எப்பவும் வாசிக்கிற சத்தத்துல ஒரு வாரம் வாசிங்க. சரியா வந்தா பணத்தைக் கொண்டாங்க" என்றார். முன்பின் தெரியாத எங்களை நம்பிக் கொடுத்தனுப்பினார். கிளம்பும்போது எங்கள் மூவரையும் பார்த்து, "அவர் வாசிக்கிறது உங்களுக்குக் கேக்கலைன்னா அவரை ஏத்தச் சொல்லாதீங்க. நீங்க இறங்குங்க" என்றும் சொன்னார்.

அந்த வாரம் நாங்கள் கற்றவை பல. நல்ல கிதாரானாலும் தந்திகள் முக்கியம். வட்டக் கம்பி சுற்றிய தந்திகள் கணீரென்று ஒலிக்கும். 1960களில் தி ஹூ குழுவின் ஜான் என்ட்விசில் வழியாகப் புகழ்பெற்ற ஒலி அது. பட்டையாகச் சுற்றிய தந்திகள் மந்தமாக, உருண்டையாக ஒலிக்கும். சென்னையின் உப்புக் காற்றில் வட்டச் சுற்றுத் தந்திகள் சில வாரங்களிலேயே மங்கிவிடும். அவற்றைக் கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்து, துடைத்துக் காயவைத்து மறுபடி மாட்டினோம். இன்னொன்று, தாழ்ந்த ஒலிக்கு மின்திறன் அதிகம் தேவை. 1969இல் ரோலிங் ஸ்டோன்ஸின் சுற்றுப்பயணத்துக்குச் சென்ற ஆம்பெக் எஸ்விடி ஆம்ப்ளிஃபயர் 300 வாட். எட்டு ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டியோடு அது பேஸுக்கான பெரும் ஒலியின் இலக்கணமாகவே ஆகிவிட்டது. எங்களால் அதைப் படத்தில்தான் பார்க்க முடிந்தது. கிதார் ஆம்ப்ளிஃபயர் ஐம்பது வாட் என்றால் அதற்கு ஈடுகொடுக்க பேஸுக்கு அதைப்போல் பல மடங்கு வேண்டும். அது கையில் இல்லையென்றால் கிதார்தான் இறங்கி வரவேண்டும். வேறு வழி கிடையாது.

நாங்கள் இறங்கினோம். டிஸ்டார்ஷனைப் பாதியாக்கினோம், கிதார்களின் அடியொலியைக் குறைத்தோம். தனியாக வாசித்தால் எங்கள் கிதார்கள் இப்போது ஒல்லியாக, தகரம்போல ஒலித்தன. மனம் ஒப்பவில்லை. ஆனால் நால்வரும் சேர்ந்து தொடங்கிய நொடியில் அந்த மொட்டைமாடி அறைக்கு முதன்முறையாகத் தரை கிடைத்தது போலிருந்தது. மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டிய பின் எழும் முதல் நாதத்தைக் கேட்டவர்களுக்கு நாங்கள் சொல்வது புரியலாம்.

பதினான்காயிரம் கொடுத்துக் கிதாரை அவன் வாங்கிக்கொண்டான். மீதிப் பணத்தில் ஒரு டி.ஐ. பெட்டி வாங்கினான்; கிதாரின் மெல்லிய மின்னலையை இரைச்சல் சேராமல் நீண்ட வயர்வழியே ஒலிக்கலவைப் பலகைக்குக் கொண்டுசேர்ப்பது அது. அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு சிறிய பொறியியல் கல்லூரியில் வாசித்தோம். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் பின்வரிசையில் இருந்த பையன்கள் பேஸின் தாளத்துக்கு நாற்காலிகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கிதார்களை யாரும் தட்ட முடியாது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

*

பின்னாளில் ஜேம்ஸ் ஜேமர்சனைப் பற்றிப் படித்தோம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், மோட்டவுன் நிறுவனத்தின் எண்ணற்ற பாடல்களுக்கு பேஸ் வாசித்தவர். 1962ஆம் ஆண்டின் பிரெசிஷன் ஒன்றை, பட்டைத் தந்திகளை மாற்றாமலே, ஒரே ஆள்காட்டி விரலால் வாசித்தார். உலகம் முழுக்க அவர் வாசிப்புக்கு ஆடியது, பெயர் மட்டும் தெரியாது. மார்வின் கேயின் 1971ஆம் ஆண்டு இசைத்தட்டின் உறையில்தான் மோட்டவுன் தன் வாத்தியக்காரர்களின் பெயர்களை அச்சிட்டது. 1983இல் அவர் இறந்தார். நம்மிடமும் அப்படித்தானே? இளையராஜாவின் பாடல்களில் எங்கள் தலைமுறை பேஸைக் கேட்கக் கற்றது. அவற்றில் பலவற்றை வாசித்தவர் சசிதரன் என்பதை வளர்ந்த பிறகே அறிந்தோம். எங்கள் வீட்டு ஒலிநாடா உறைகளில் பாடகர் பெயர் உண்டு, கவிஞர் பெயர் உண்டு. பேஸ் வாசித்தவரின் பெயரை நாங்கள் கண்டதில்லை.

2010இல் எங்கள் குழு கலைந்தது. சண்டை எதுவும் இல்லை, வேலைகள் பிரித்தன. அவன் கோயம்புத்தூரில் இருக்கிறான். அந்த ஜப்பானியக் கிதார் இன்னும் அவனிடம் இருக்கிறது.

நண்பரின் மகனுக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான்: நான்கு தந்தி போதும். ஒரே பிக்அப் உள்ள பிரெசிஷன் வடிவில் தொடங்கு. கழுத்து உன் கைக்கு அகலமாகத் தோன்றினால் ஒடுங்கிய கழுத்துள்ள ஜாஸ் பேஸ் வடிவைப் பார், ஆனால் இரண்டு பிக்அப்களையும் முழுதாகத் திறந்தால் நடுவொலி மெலியும் என்பதை நினைவில் வை. பேட்டரி உள்ளதை வாங்கினால் வயரைப் பிடுங்கிவிட்டுத் தூங்கு. நடுவொலியைக் குறைக்காதே. எதை வாங்குவதானாலும் உன் டிரம்ஸ்காரனையும் கிதார்காரனையும் பக்கத்தில் வைத்து, மேடைச் சத்தத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு வாங்கு.

"தனியாக் கேட்டா நல்லா இல்லாம இருந்தா?" என்றான்.

பரவாயில்லை என்றோம். உனக்குள் ஏதோ ஒன்று இதுதான் என்று சொன்னால், கூட வந்தவர்கள் சிரித்தாலும் அதையே வாங்கு என்றோம்.

அவன் போனபின் மூவரும் வெகுநேரம் பேசாமல் இருந்தோம். பிறகு இதை எழுத உட்கார்ந்தோம். பேட்டரி விஷயத்தை நாங்கள் சொல்லிவிட்டோம், நண்பா. அன்று மேடையில் நான்கு பேர் வாசித்தோம்.